இல்லாத நோய்க்கு ஒன்பது ஊசி

எனக்கு மேகநோய் கிடையாது. என்றைக்கும் இருந்ததில்லை. சுற்றி வளைக்காமல் இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். மூன்று வருடம் என் பெயர் போட்ட காகிதத்தில் அந்த நோய் இருந்தது. அதற்காக ஒன்பது ஊசி குத்திக்கொண்டேன். அது தீரட்டும் என்று குழந்தைக்கான வைத்தியத்தை நிறுத்திவிட்டார்கள், முப்பத்தொன்றிலிருந்து முப்பத்துநாலு வயது வரை சும்மா உட்கார்ந்திருந்தேன். யாராவது ஒருவர் ஒரு கேள்வி கேட்டிருந்தால் இவ்வளவும் மிச்சம். கேட்காதவர்களில் நானும் ஒருத்தி, அந்த எரிச்சலையும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

இப்போது திருப்பதியில் ஓர் ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டில் படுத்திருக்கிறேன். ஏழாம் மாதம். பிரஷர் ஏறியிருக்கிறது என்று பிடித்துப் போட்டுவிட்டார்கள். எழுந்து நடக்கக்கூடாது, இடது பக்கமாகவே படுக்க வேண்டும், உப்பைக் கண்ணால் பார்க்கக்கூடாது. நான் மூன்றாம் வகுப்பு டீச்சர், கையில் சாக்பீஸ் இல்லாவிட்டால் பைத்தியம் பிடித்துவிடும். என்னைப் பார்க்கும் டாக்டரம்மா ஒரு பழைய நோட்டைக் கொண்டுவந்து கட்டிலில் போட்டு, "உங்கள மாதிரி இன்னும் எத்தன பேரு ஊசி போட்டுக்கினு இருக்காங்களோ. எழுதுங்க டீச்சர்" என்றார். எழுதுகிறேன்.

நாங்கள் சித்தூர்க்காரர்கள். மூன்று தலைமுறைக்கு முன்பே ஞானஸ்நானம் வாங்கின தமிழ்க் குடும்பம். வீட்டில் தமிழ், கடைத்தெருவில் தெலுங்கு, சண்டை வந்தால் இரண்டும். என் வீட்டுக்காரர் ஜெயசீலன் சர்க்கரை ஆலையில் கரும்பு வண்டிகளை எடை போடும் குமாஸ்தா. நாள் முழுக்க வண்டிக்காரர்களோடு கத்திவிட்டு வருவதால் வீட்டில் பேச்சு குறைவு. எங்களோடு என் மாமியாரும் இருக்கிறார்.

கல்யாணமான நாலு வருடத்தில் இரண்டு முறை உண்டானது. இரண்டும் மூன்றாம் மாதத்தில் போயிற்று. அதற்குப் பிறகு மூன்று வருடம் ஒன்றும் தரிக்கவில்லை. சபையில் யார் வீட்டுக் குழந்தைக்கு ஞானஸ்நானம் என்றாலும் மாமியார் கேக்குத் துண்டைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்து என் கையில் கொடுப்பார். ஒரு வார்த்தை பேசமாட்டார். பேசியிருந்தால் நானும் திருப்பிப் பேசியிருப்பேன்.

எனக்கு ஒரு குழந்தை வேண்டும். ஊர் வாயை அடைக்க இல்லை. நாற்பது பிள்ளைகளுக்கு மூக்கைத் துடைத்துவிட்டு, நாலு மணிக்கு மணியடித்ததும் அந்த நாற்பதும் நாற்பது வீட்டுக்கு ஓடுவதைத் தினமும் வாசலில் நின்று பார்க்கிறவளுக்கு வேறு காரணம் வேண்டியதில்லை.

அதனால் முப்பத்தொரு வயதில் திருப்பதியில் வேறோர் ஆஸ்பத்திரியில் வைத்தியம் ஆரம்பித்தோம். மாதம் இரண்டு முறை காலை முதல் பஸ்ஸைப் பிடித்து வருவோம். பிள்ளை உண்டானவர்களுக்கும் பிள்ளைக்கு ஏங்குகிறவர்களுக்கும் அங்கே ஒரே பெஞ்சு. ஒரு பக்கம் வயிற்றைத் தள்ளிக்கொண்டு ஒருத்தி மாங்காய் கடித்துக்கொண்டிருப்பாள், இந்தப் பக்கம் நாங்கள். இப்படி உட்காரவைக்கலாம் என்று யோசித்தவர் எந்த மகராசனோ, கையில் கிடைத்தால் அந்தப் பெஞ்சிலேயே ஒரு நாள் முழுக்க உட்காரவைக்க வேண்டும்.

அந்தப் பெஞ்சில்தான் அலமேலு பழக்கமானாள். கோயில் கைங்கரியம் செய்யும் ஐயங்கார் குடும்பம், என்னைவிட இரண்டு வயது மூத்தவள், வாய்க்குப் பூட்டே கிடையாது.

"நேக்குப் பன்னெண்டு வருஷமாச்சு டீச்சர். திருச்சானூர்த் தாயாருக்கு என் பேரு, நட்சத்திரம், அட்ரஸ் எல்லாம் மனப்பாடம். டாக்டருக்குத்தான் இன்னும் என் மூஞ்சியே தெரியல. ஒவ்வொரு தடவையும் புதுசா வந்தியான்னு கேக்கறா" என்பாள். அவள் சொன்னால் அழுகிற நேரத்திலும் சிரிப்பு வரும்.

சோதனைகள் ஒவ்வொன்றாக வந்தன. காலையில் படுக்கையை விட்டு எழுமுன் வாயில் தெர்மாமீட்டர் வைத்துச் சூட்டைக் குறிக்க வேண்டும். கருமுட்டை வெளிவரும் நாளில் சூடு கொஞ்சம் ஏறும், அதை வைத்து நாள் கண்டுபிடிப்பார்கள். எனக்குத் தூக்கக் கலக்கத்தில் கோடு தெரியாது. இவர்தான் எழுந்து விளக்கைப் போட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்து, காலண்டரில் பென்சிலால் எழுதிவைப்பார். எடை மேடைக் குமாஸ்தா, அரைப் புள்ளி கூடத் தப்பாது. பிறகு கருக்குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று சாயம் உள்ளே விட்டு எக்ஸ்ரே எடுப்பார்கள். அதற்கு நாள் குறித்தார்கள். அதற்கு முன்னால் வழக்கமான ரத்தச் சோதனைகள் என்றார்கள். அதில் ஒன்றுதான் வி.டி.ஆர்.எல். எதற்கு என்று நான் கேட்கவில்லை. எல்லாருக்கும் எடுக்கிறார்கள், எனக்கும் எடுத்தார்கள்.

அடுத்த முறை போனபோது பெரிய டாக்டரம்மா கதவைச் சாத்தச் சொன்னார். வயதானவர், கைராசிக்காரர் என்று பெயர். உங்கள் ரத்தத்தில் மேகநோய்க்கான சோதனை பாசிடிவ் வந்திருக்கிறது என்றார். அதற்கு இங்கிலீஷில் சிபிலிஸ், தெலுங்கில் சுகவியாதி என்று பெயர். யாருக்குச் சுகமோ தெரியாது. இவருடைய ரத்தத்தையும் அப்போதே எடுத்து அனுப்பினார்கள். பத்து நாள் கழித்துப் போனால் இவருக்கு ஒன்றுமில்லை என்று வந்திருந்தது.

டாக்டரம்மா இரண்டு காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"கல்யாணத்துக்கு முன்னால..." என்று ஆரம்பித்தார்.

"எனக்குத்தான் மேடம்" என்றார் இவர். "கல்யாணத்துக்கு முன்னால வந்துச்சு. ஊசி போட்டுக்கினேன். சரியாப் போச்சுன்னு நெனச்சிக்கினு இருந்தேன்."

டாக்டரம்மாவுக்கு ஒரு கணக்கு முடிந்த நிம்மதி. "அதான் உங்க ரத்தத்தில இப்ப காட்டல. அவங்களுக்குக் குடுத்துட்டீங்க" என்று சொல்லிக்கொண்டே கேஸ் சீட்டில் எழுதினார். வாரம் ஒன்றாக மூன்று பென்சிலின் ஊசி, ஒரு வருடம் கழித்து மறுபடியும் சோதனை, அது இறங்கின பிறகுதான் எக்ஸ்ரே, மாத்திரை எல்லாம் என்றார். தலையாட்டிவிட்டு வெளியே வந்தேன்.

பஸ்ஸில் நான் பெண்கள் சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டேன். சந்திரகிரி தாண்டி எனக்குப் பக்கத்தில் இடம் காலியானதும் இவர் வந்து உட்கார்ந்தார்.

"யாரு அவ?" என்றேன்.

"வேணாம் சுகந்தி, வுடு."

"எத்தினி தபா?"

"ஒரு தபா."

அதோடு சரி. அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் சுவரிலிருந்த அந்தக் காலண்டரைக் கழற்றி அடுப்பில் போட்டேன். என் இரண்டு பிள்ளைகளைக் கொன்றது இவருடைய ஒரு தபா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சோறு போட்டேன், துணி துவைத்தேன், மாமியார் முன்னால் பேசவேண்டியதைப் பேசினேன். மற்றபடி அந்த மனிதரை நான் ஒரு வேலைக்காரனைப் போல நடத்தினேன் என்று சொன்னால் பொய். வேலைக்காரனிடம் முகம் பார்த்துப் பேசுவோம்.

ஊசியைப் பற்றிச் சொல்ல வேண்டும். இடுப்புக்குக் கீழே போடுவார்கள். மருந்து கெட்டியானது, உள்ளே இறங்கும்போது சுண்ணாம்பைக் காய்ச்சி ஊற்றுகிற மாதிரி இருக்கும், இரண்டு நாள் கால் தரையில் ஊன்றாது. சித்தூரிலேயே போட்டுக்கொள்ளலாம் என்று சீட்டு கொடுத்திருந்தார்கள். போடுகிற நர்ஸ் எங்கள் சபைக்காரி. சீட்டைப் படித்தாள், ஒன்றும் கேட்கவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை, அந்த மட்டுக்கும் நல்லவள். ஆனால் அதற்குப் பிறகு அவள் வீட்டுக்குப் போனால் எனக்கு மட்டும் காப்பி வருவது நின்றுபோயிற்று. மாமியாரிடம் மூட்டுவலிக்கு ஊசி என்று சொல்லிவைத்தேன்.

மூட்டுவலி நிஜமாகவே இருந்தது, அதுதான் கொடுமை. காலையில் விரல்கள் மடங்காது. கரும்பலகையில் எழுதும்போது சாக்பீஸ் நழுவி விழும். வெயிலில் நின்றால் கன்னம் இரண்டும் சிவந்து எரியும். இதையும் அந்த டாக்டரம்மாவிடம் சொன்னேன். அதற்கு எலும்பு டாக்டரைப் பாருங்கள் என்றார். எலும்பு டாக்டர் தைலம் எழுதினார். தோல் டாக்டர் களிம்பு எழுதினார். ஒரே உடம்பை மூன்றாகப் பங்கு போட்டுக்கொண்டார்களே தவிர, மூன்றும் ஒருத்திக்கே ஏன் வந்தது என்று யாருக்கும் தோன்றவில்லை.

ஒரு வருடம் கழித்துச் சோதனை. இறங்கவில்லை. மறுபடியும் மூன்று ஊசி. மறுபடியும் ஒரு வருடம். கொஞ்சமும் அசையவில்லை. மறுபடியும் மூன்று. டாக்டரம்மா இவரைத் தனியாகக் கூப்பிட்டு, இப்போதும் எங்கேயாவது போய்வருகிறீர்களா என்று கேட்டிருக்கிறார். இவர் இல்லை என்று தலையை ஆட்டினாராம். இவரைக் கேட்டார்களே என்று எனக்கு அன்றைக்கு ஒரு திருப்தி. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

இதன் நடுவே சபையில் ஒன்று நடந்துகொண்டிருந்தது. எங்கள் சபையில் திருவிருந்து எடுக்கிறவர்கள், அதாவது அப்பமும் திராட்சரசமும் வாங்குகிறவர்கள், முந்தின நாள் சனிக்கிழமை ஆயத்த ஆராதனைக்குப் போய், போதகரிடம் பெயர் கொடுக்க வேண்டும். மனதில் ஏதாவது பாரம் இருந்தால் அவரிடம் சொல்லித் தீர்த்துக்கொண்டுதான் பெயர் கொடுப்பது. பழைய வழக்கம், இன்னும் விடவில்லை. அந்த ரிப்போர்ட் வந்த மாதத்திலிருந்து இவர் பெயர் கொடுப்பதை நிறுத்திவிட்டார். கோயிலுக்கு வருவார், பாட்டு முடிகிற வரை உட்காருவார், அப்பமும் இரசமும் கொடுக்க ஆரம்பித்ததும் வெளியே போய் வேப்பமரத்தடியில் நிற்பார். நான் மட்டும் என் பெயரைக் கொடுத்துவிட்டு, வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு முன்னால் போய் முழங்கால் போடுவேன். மூப்பர் ஒருவர், சாருக்கு என்னம்மா என்று கேட்டார். "அவரையே கேளுங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். மாமியாரும் எதையும் கேட்கவில்லை. ஆனால் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் மகனுடைய முதுகைப் பார்த்துக்கொண்டே நடப்பார்.

மூன்றாவது தவணை ஊசியும் முடிந்து, சோதனை அப்படியே வந்த நாளில் பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். பேசாமல் விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். வயது முப்பத்துநாலு. அலமேலு என் கையிலிருந்த காகிதத்தைப் பிடுங்கிப் படித்தாள். அவளுக்குப் புரிந்ததோ இல்லையோ, ஒதுங்கி உட்காரவில்லை. இன்னும் கிட்ட வந்தாள்.

"இதோ பாருங்கோ டீச்சர், ஒரே மருந்து மூணு தரம் கேக்கலேன்னா ஒண்ணு மருந்து தப்பு, இல்ல வியாதி தப்பு. இது சமையக்காரிக்கே தெரியும். இன்னொரு ஆஸ்பத்திரியில மெட்ராஸ்ல படிச்ச சின்ன டாக்டர் ஒருத்தி வந்திருக்கா. நான் அங்க மாறிட்டேன், இன்னிக்கு ரிப்போர்ட் வாங்கத்தான் வந்தேன். வாங்கோ என்னோட."

வருடக்கணக்காகப் பெஞ்சில் உட்கார்ந்தவளுக்குத் தோன்றினது பெரிய டாக்டருக்குத் தோன்றவில்லை. அன்றைக்கே அவளோடு போனேன்.

சின்ன டாக்டரம்மா என் காகிதங்களைப் படிக்க முக்கால் மணி நேரம் எடுத்துக்கொண்டார். பிறகு என் விரல்களைப் பிடித்து மடக்கிப் பார்த்தார். கன்னத்தைத் திருப்பிப் பார்த்தார். தலைமுடி கொட்டுகிறதா, வாயில் புண் வருமா, அந்த இரண்டு கருவும் எந்த வாரத்தில் போயிற்று என்று கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை வருடத்தில் என்னை ஒரு முழு ஆளாகப் பார்த்து யாரும் கேள்வி கேட்டதில்லை.

ரத்தத்தை வேலூருக்கு அனுப்பினார்கள். மூன்று வாரம் கழித்து, வீட்டுக்காரரையும் கூட்டிவரச் சொன்னார். இரண்டு பேரும் போனோம். டாக்டரம்மா சொன்னதை எனக்குப் புரிந்த மட்டும் எழுதுகிறேன்.

நோய்க்கிருமி உள்ளே வந்தால் அதை எதிர்க்க உடம்பு ஒரு பொருளைச் செய்துகொள்ளும். எதிர்ப்பொருள் என்பார்கள். வி.டி.ஆர்.எல். சோதனையில் மேகநோய்க் கிருமியைத் தேடுவதே இல்லை. மாட்டின் இதயத்திலிருந்து எடுத்த ஒரு கொழுப்பைச் சேர்த்து, ரத்தத்திலுள்ள எதிர்ப்பொருள் அதோடு ஒட்டுகிறதா என்று மட்டும் பார்ப்பார்கள். மேகநோய் இருந்தால் ஒட்டும். ஆனால் சில பெண்களின் உடம்பு கிருமியே வராமல், தன்னுடைய சொந்தச் சரக்கையே அந்நியம் என்று நினைத்துக்கொண்டு எதிர்ப்பொருள் செய்யும். அதுவும் போய் ஒட்டும். அப்போதும் பாசிடிவ் என்றுதான் வரும். இது நிஜமா பொய்யா என்று பார்க்க, அந்தக் கிருமியையே வைத்துச் செய்யும் வேறு சோதனை உண்டு. அதைத்தான் வேலூரில் செய்தார்கள். எனக்கு இல்லை என்று வந்தது. இந்த எதிர்ப்பொருள் இருப்பவர்களின் ரத்தம் சோதனைக் குழாயில் உறைய நேரமாகும், உடம்புக்குள்ளோ சீக்கிரம் உறையும். நஞ்சுக்கொடியில் உறைந்து அடைத்தால் பிள்ளைக்கு ரத்தம் போகாது. என் இரண்டும் அப்படிப் போயிருக்கலாம். விரல்வலியும் கன்னச் சிவப்பும் இதே குடும்பம்தான்.

"பிறகு மூணு வருஷம் தரிக்காமலே போனதுக்கும் இதுதான் காரணமா?" என்று கேட்டேன்.

"அது எனக்குத் தெரியாது டீச்சர். யாருக்கும் இன்னும் சரியாத் தெரியாது" என்றார். தெரியாததைத் தெரியாது என்று சொன்ன டாக்டரை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

எனக்கு நோய் இல்லை என்ற சந்தோஷத்தில் அந்த வேலூர்க் காகிதத்தை வாங்கி இரண்டு முறை படித்தேன். டாக்டரம்மா பழைய கேஸ் சீட்டைப் புரட்டிக்கொண்டே இவர் பக்கம் திரும்பினார்.

"சார், உங்களுக்குக் கல்யாணத்துக்கு முன்னால மேகநோய் வந்து ஊசி போட்டதா எழுதியிருக்கு. எங்க போட்டீங்க, எத்தன ஊசி? நான் குறிச்சுக்கணும்."

இவர் டாக்டரம்மா கையிலிருந்த அந்தப் பழைய சீட்டைப் பார்த்தார்.

"சார்?"

"அப்படி ஒண்ணும் இல்ல மேடம்."

"அப்ப இது?"

"சொன்னேன். சும்மா சொன்னேன்."

டாக்டரம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேனாவை மூடிவிட்டார். மருந்துச் சீட்டை அப்புறம் வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று அனுப்பினார். வெளியே மருந்துக் கடைக்கு எதிரே ஒரு சிமெண்டு பெஞ்சு இருந்தது. உட்கார்ந்தோம்.

"நீங்க எங்கயும் போகலையா?"

"இல்ல."

"கல்யாணத்துக்கு முன்னால?"

"எப்பவும் இல்ல."

"அப்புறம் இன்னாத்துக்குச் சொன்னீங்க?"

"எனக்கு இல்லன்னு காகிதம் வந்துச்சு. உனக்குக் கீதுன்னு வந்துச்சு. அந்தம்மா உன்ன ஒரு மாதிரி பாத்துக்கினு, கல்யாணத்துக்கு முன்னாலன்னு ஆரம்பிச்சாங்க. அடுத்த வார்த்த உன்னதான் கேப்பாங்க. அதான் முந்திக்கினேன்."

முதலில் எனக்கு மனசு உருகிப்போயிற்று. அவர் கையைப் பிடிக்கப் போனேன். பாதியில் கை நின்றுவிட்டது.

"அப்போ என்மேல சந்தேகப்பட்டீங்க."

அவர் எதிரே கடையைப் பார்த்தார்.

"வாயத் தொறந்து சொல்லுங்க."

"பட்டேன்."

"யாருன்னு நெனச்சீங்க?"

"யாருன்னும் நெனைக்கல. நெனைக்க வேணாம்னு இருந்துட்டேன். காகிதத்துல இருந்துச்சே சுகந்தி. ஆஸ்பத்திரிக் காகிதம் பொய் சொல்லும்னு எனக்கு இன்னா தெரியும்."

"மூணு வருஷம் என்ன அப்படி நெனச்சிக்கினா என் கையால துன்னீங்க?"

"நீயும்தான என்ன நெனச்ச."

"நீங்கதான சொன்னீங்க."

"சொன்னேன்" என்றார். அப்போதுதான் என் பக்கம் திரும்பினார். "நான் சொன்னேன், சரி. நீ எப்படி நம்புன? அன்னிக்கே ஏழு வருஷம் என்னோட குடும்பம் பண்ணியிருந்தியே. ஒரு தபா, நீயா, இருக்காது போ, அப்படின்னு சொல்லியிருந்தா அந்த பஸ்லயே ஒடஞ்சிருப்பேன். எத்தினி தபான்னு கேட்ட பாரு."

அவர் என்னைச் சந்தேகப்பட்டதற்காவது ஒரு காகிதம் இருந்தது. நான் அவர் வாய் வார்த்தையை அரை நிமிஷத்தில் எடுத்துக்கொண்டேன். குற்றவாளி யார் என்று தேடிக்கொண்டிருந்தேன், வந்து நின்றதும் பிடித்துக்கொண்டேன்.

"கோயில்ல ஏன் வெளிய போய் நின்னீங்க?" என்று கேட்டேன்.

"செய்யாத பாவத்த ஐயா கிட்ட சொன்னா அது பொய். சொல்லாம போய் முழங்கால் போட்டா நீ என்ன இன்னும் கேவலமா நெனப்ப. போனா பொய்க்காரன், போகலன்னா பாவி. பாவியாவே இருந்துட்டேன்."

இதைக் கேட்டு நாங்கள் கட்டிக்கொண்டு அழுதோம், எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி ஒன்றும் ஆகவில்லை. மருந்தை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினோம். எனக்கு அவர்மேல் கோபம் போகவில்லை, அவருக்கும் என்மேல் போகவில்லை. ஒரே வித்தியாசம், இப்போது இரண்டு பேரும் பேசிக்கொண்டே கோபப்பட்டோம்.

வைத்தியம் திரும்ப ஆரம்பித்தது. கருக்குழாய் எக்ஸ்ரேயில் அடைப்பு இல்லை என்று வந்தது. அந்த எக்ஸ்ரேயை மூன்று வருடம் முன்பே எடுத்திருக்கலாம், அதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது. கருமுட்டை முதிர ஒரு மாத்திரை, எதிர்ப்பொருளை அடக்க ஸ்டீராய்டு, ரத்தம் உறையாமலிருக்கக் குழந்தைகளுக்குக் கொடுக்கும் அளவில் ஆஸ்பிரின். ஸ்டீராய்டில் என் முகம் பூரி மாதிரி உப்பிவிட்டது. வகுப்பில் ஒரு வாண்டு, டீச்சருக்குப் பொன்னுக்கு வீங்கி என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டான். காலையில் தெர்மாமீட்டரைப் படிக்க இவர் மறுபடியும் எழுந்தார். புதுக் காலண்டர் மாட்டினார். நான்காவது மாதம் நாள் தள்ளிப்போயிற்று.

மூன்றாம் மாதம் முடிகிற வரை நான் இருமக்கூடப் பயந்தேன். தாண்டியது. ஐந்தாம் மாதத்தில் உள்ளே அசைந்ததை முதலில் யாரிடமும் சொல்லவில்லை, சொன்னால் நின்றுவிடுமோ என்று பயம். மாமியார் தாமாகவே கண்டுபிடித்துவிட்டார். அன்றிலிருந்து என்னைக் குடத்தைத் தொடவிடவில்லை. இந்த வார்டிலும் அவர்தான் என்னோடு இருக்கிறார். உப்பில்லாத களியை யாரால் துன்ன முடியும் என்று நான் சண்டை போட்டால், தானும் உப்பில்லாமல் பிசைந்து எனக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறார். அலமேலு இரண்டு நாளுக்கு ஒருமுறை வந்து, வார்டில் இருக்கிற அத்தனை பேர் கதையையும் சொல்லிவிட்டுப் போகிறாள். அவளுக்கு இன்னும் ஒன்றும் ஆகவில்லை. என் வயிற்றைத் தொட்டுப் பார்க்கட்டுமா என்று ஒருமுறை கேட்டாள், அப்போது மட்டும் பேச்சில்லை.

பிள்ளை பிழைக்குமா என்று எனக்குத் தெரியாது. எடை குறைவாக இருக்கிறது என்கிறார்கள். பிரஷர் இன்னும் ஏறினால் நாளுக்கு முன்பே எடுத்துவிடுவார்களாம். டாக்டரம்மா தினமும் காலையில் மரக்குழாயை என் வயிற்றில் வைத்துப் பிள்ளையின் துடிப்புக்குக் காதைக் கொடுக்கும் அந்த அரை நிமிஷம் நான் மூச்சு விடுவதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் போதகர் சித்தூரிலிருந்து வந்தார். நோயாளிகளுக்குத் திருவிருந்து கொடுக்கும் சின்னப் பெட்டி கையில் இருந்தது. கட்டில் பக்கத்து மேசையில் வெள்ளைத் துணியை விரித்து, கிண்ணத்தையும் அப்பத்தையும் எடுத்துவைத்தார். மாமியார் முக்காடு போட்டுக்கொண்டார். இவர் வழக்கம்போல ஃபிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு, சுடுதண்ணி வாங்கிவருகிறேன் என்று வராந்தாவுக்குப் போனார். அங்கேயே சுவரில் சாய்ந்து நின்றது எனக்குக் கட்டிலிலிருந்து தெரிந்தது.

போதகர் புத்தகத்தைத் திறந்தார். பாவ அறிக்கை ஆரம்பிக்கும் இடம்.

"ஐயா, கொஞ்சம் இருங்க" என்றேன். வராந்தாவைப் பார்த்துக் கூப்பிட்டேன். "இன்னாங்க, உள்ள வாங்க."

"நீ வாங்கிக்கோ. நான் இங்க கீறேன்."

"வாங்கன்னா வாங்க. நீங்க சொன்ன பொய்ய நீங்க ஐயா கிட்ட சொல்லுங்க. அத நான் நம்பினத நான் சொல்றேன்."

போதகர் ஒன்றும் புரியாமல் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டார். மாமியாருக்கு இதில் ஒன்றும் தெரியாது, மூட்டுவலி ஊசி என்றுதான் அன்று வரை நம்பிக்கொண்டிருந்தார். அவர் முன்னாலேயே சொல்ல வேண்டியிருந்தது. பரவாயில்லை என்று ஆரம்பித்தேன். மேகநோய் என்ற வார்த்தையைப் போதகர் முன்னால் சொல்ல நாக்கு கூசியது, சொன்னேன். காகிதம், ஊசி, பஸ்ஸில் கேட்ட கேள்வி, வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு தனியாகப் போய் முழங்கால் போட்டது, எல்லாம் சொன்னேன். நடுவில் விட்டதை இவர் வாசற்படியில் நின்றபடியே சொன்னார். என்னைச் சந்தேகப்பட்டதையும் மறைக்காமல் சொன்னார்.

மாமியார் மெல்ல எழுந்தார். தான் உட்கார்ந்திருந்த இரும்பு ஸ்டூலைத் தரையில் கிறீச்சென்று இழுத்து, கிண்ணம் இருந்த மேசைக்கும் என் கட்டிலுக்கும் நடுவில் போட்டார்.

"நாலு வருசமா வெளியவே நிக்கிறியேடா" என்றார் மகனைப் பார்த்து. "வா, வந்து ஒக்காரு."